மிளகுத் தெருவும் பம்ப் பட்டறையும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவிலிருந்து கோவை ஆவாரம்பாளையத்துக்குச் சாலைவழி சுமார் 190 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு இடங்களிலும் ஒரே தொழில் செய்பவர்கள் அடுத்தடுத்த கட்டடங்களில் உட்கார்ந்து, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமல் இருக்க முடியாத நெருக்கத்தில் பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள். யூதத் தெருவில் மிளகு. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பீளமேட்டிலும் பம்ப்பும் மோட்டாரும். இன்று யூதத் தெருவில் மிளகு மூட்டைகள் அருகி, பழம்பொருள் கடைகளும் காபிக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. கோவையில் லேத்துகள் இன்னும் ஓடுகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்காகவே இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன்.

ஒரே தொழிலினர் ஓரிடத்தில் கூடினால் தொழில் நுணுக்கம் தானாகப் பரவும், அந்தப் பரவலே புதுமைக்கு விதை என்பது பொருளியலில் பழைய கருத்து. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் இங்கிலாந்தின் தொழில் நகரங்களை வைத்து இதை எழுதினார். நூறு ஆண்டு கழித்து, 1993-ல், ஜாஃபி, டிராட்டன்பெர்க், ஹெண்டர்சன் என்ற மூவர் அமெரிக்கக் காப்புரிமைகளை ஆராய்ந்தார்கள். ஒரு கண்டுபிடிப்பு அதே ஊரில் பிறந்த முந்தைய கண்டுபிடிப்புகளை மேற்கோள் காட்டுவது, தற்செயலாக நடக்கக்கூடிய அளவைவிட அதிகம் என்று காட்டினார்கள். அறிவு தொலைவில் உள்ளவரைவிடப் பக்கத்தில் உள்ளவரையே முதலில் எட்டுகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் இந்த விதி மட்டாஞ்சேரிக்கும் பொருந்தியிருக்க வேண்டுமே. பக்கத்தில் உட்காருவதில் அந்தத் தெருவை மிஞ்சிய தெரு இந்தியாவில் அதிகம் இல்லை.

மட்டாஞ்சேரியின் வரலாறு பலருக்கும் தெரிந்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறியின் பக்கத்தைத் தூர்த்துக் கொச்சியின் கடல்வாயைத் திறந்தது என்பார்கள். 1500-ல் போர்த்துக்கீசியர் வந்தார்கள், 1663-ல் டச்சுக்காரர்கள், 1795-ல் ஆங்கிலேயர். ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது; ஏற்றுமதிச் சரக்கில் மிளகு முன்னால் நின்றது. 1857-லேயே கொச்சியில் வணிகர் சங்கம் உருவாகிவிட்டது. போர்ட் கொச்சிக் கரையில் ஆஸ்பின்வால் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள் பண்டகசாலை கட்டின. கொஞ்சம் தள்ளி பஜார் ரோட்டிலும் யூதத் தெருவிலும் குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், யூதர்கள், சிரியன் கிறித்தவர்கள், தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் ஒரே சரக்கை வாங்கி விற்றார்கள். உப்பங்கழி வழியே கெட்டுவள்ளங்கள் சரக்கைப் பண்டகசாலையின் பின்வாசலிலேயே இறக்கின. முன்வாசல் தெருவுக்குத் திறந்தது.

அந்தத் தெருவின் அறிவு எளிதானதன்று. தோட்டத்திலிருந்து வரும் மிளகு தூசியும் காம்பும் பொக்குமாக இருக்கும். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி எடை பார்ப்பார்கள். 550 கிராம் நின்றால் மணி கனமானது, 500-க்குக் கீழே இறங்கினால் பொக்கு அதிகம் என்று கணக்கு. ஈரம் எவ்வளவு, பூஞ்சணம் உண்டா, எந்த மலைச் சரக்கு என்பதையெல்லாம் கையில் அள்ளி, பல்லில் கடித்து, முகர்ந்து சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். பிறகு முறமும் சல்லடையும் கொண்டு பெண்கள் புடைத்துத் துப்புரவு செய்வார்கள். அவர்கள் கை ஓயும்போது சரக்கு ‘எம்.ஜி. 1’ என்ற தரத்துக்கு வந்திருக்கும். உலகச் சந்தையில் இந்தியக் கருமிளகின் அடிப்படை விலை இந்தத் தரத்தை வைத்தே பேசப்பட்டது.

1957-ல் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் அமைந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘இப்ஸ்டா’ என்றே ஊரில் அழைப்பார்கள். யூதத் தெருவில் இருந்த அதன் கூடத்தில் தரகர்கள் கூவிக்கூவி முன்பேர வாணிகம் நடத்தினார்கள். ஒரே ஒரு விளைபொருளுக்காக இயங்கிய சந்தை அது. அங்கே விலை அசைந்தால் வயநாட்டிலும் இடுக்கியிலும் விவசாயி மூட்டையை அவிழ்ப்பதா, இன்னும் கொஞ்ச நாள் கட்டி வைப்பதா என்று முடிவெடுத்தார். கொச்சி விலை என்று செய்தித்தாளில் வரும் ஒற்றை வரிக்குப் பின்னால் இந்தக் கூடம் இருந்தது.

அங்கே அறிவு எப்படிப் பரவியது? தரகர் வழியாக. ஒரு தரகர் ஒரு நாளில் பத்துக் கடைகளின் திண்ணையில் உட்கார்ந்து எழுவார். யார் வாங்க நினைக்கிறார், யார் கையில் சரக்கு தேங்கியிருக்கிறது, எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மார்ஷல் பார்த்திருந்தால் தன் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்றிருப்பார்.

ஆனால் அப்படிப் பரவியது எந்த அறிவு என்று கேட்க வேண்டும். விலை பற்றிய அறிவும் சரக்கைத் தரம் பார்க்கும் அறிவும் தெருவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. ஆனால் நியூயார்க்கில் யார் வாங்குகிறார், ஹாம்பர்கில் யாருக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும், சோவியத் ஒன்றியத்துக்கான அரசு ஒப்பந்தத்தில் எப்படி இடம் பிடிப்பது என்ற அறிவு ஒவ்வொரு கடையின் உள்ளறையில் இருந்தது. லாபம் அங்கேதான் பிறந்தது. அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும், ஒரே சமூகத்துக்குள் நம்பிக்கையின் பேரில் கைமாறியது. கடையில் இருபது ஆண்டு மிளகு புடைத்த பெண்ணுக்கு மணியின் குணம் முதலாளியைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். அந்தத் திறமையை வைத்து அவரால் தனிக்கடை போட முடியாது. மிளகு விலை உயர்ந்த சரக்கு. ஒரு லாரி வாங்கவே பெருமுதல் வேண்டும். வாங்கினாலும் கடல் தாண்டி விற்க முகவரி வேண்டும். கணக்கப்பிள்ளைகளிலும் தரகர்களிலும் சிலர் வணிகரானது உண்டு. சிலர் மட்டுமே.

கோவைக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்; புதுமை என்பதன் உட்பொறி இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

1888-ல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் முதல் நூற்பாலையைத் தொடங்கினார்கள். பைகாரா நீர்மின் திட்டம் 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரம் பழுதானால் மான்செஸ்டரிலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க முடியாது. எனவே ஆலைக்குப் பக்கத்தில் பழுது பார்க்கும் பட்டறையும், அதற்கு வார்ப்பு செய்து தர ஃபவுண்டரியும் தோன்றின. 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டார் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகச் சொல்லப்படுகிறது.

இதற்கெல்லாம் வாடிக்கையாளர் யார்? ஊரைச் சுற்றி இருந்த கொங்கு விவசாயி. அவர் கிணறு பாறையைக் குடைந்து வெட்டிய ஆழக் கிணறு. காளை பூட்டிக் கமலை இறைத்தவருக்கு மின்சாரம் வந்ததும் பம்ப்செட் தேவைப்பட்டது. பம்ப் செய்தவர் மிதிவண்டியில் போய், தான் செய்தது எப்படி ஓடுகிறது என்று கிணற்று மேட்டில் நின்று பார்க்க முடிந்தது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கினால் பழைய பம்ப் இழுக்காது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன; நீருக்குள் மூழ்கி இயங்கும் சப்மெர்சிபிள் வேண்டியதாயிற்று. விவசாயியின் ஒவ்வொரு குறையும் பட்டறைக்கு அடுத்த வேலையாக வந்தது. மட்டாஞ்சேரியில் வாங்குபவர் கடலுக்கு அப்பால். அவரை அறிந்தவர் சிலர். கோவையில் வாங்குபவர் அடுத்த ஊரில். அவரை எல்லாரும் அறிவார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையில் நான் காணும் முதல் பெரிய வேறுபாடு இது.

அடுத்தது, அறிவு கசிந்த வழிகள். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பேட்டர்ன் செய்பவர் ஒருவர், வார்ப்பவர் ஒருவர், கடைசல் பிடிப்பவர் ஒருவர், ஷாஃப்ட் தேய்ப்பவர் ஒருவர். ‘ஜாப் ஒர்க்’ என்று சொல்வார்கள். பேட்டர்ன் செய்பவர் போட்டிக் கம்பெனிகள் ஐந்துக்கும் வேலை செய்வார். ஒரு கம்பெனி இம்பெல்லரின் வளைவை மாற்றினால் அது முதலில் தெரிவது அவருக்கு. யாருடைய படத்தையும் அவர் யாரிடமும் காட்டியிருக்க மாட்டார். அந்த நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு வளைவைச் செதுக்கிப் பழகிய கை, அடுத்த வேலையில் அதை மறந்துவிடுவதில்லை.

ரீவைண்டிங் கடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் கணிப்பில் அதன் பங்கு மிகப் பெரியது. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் காயில் கருகினால் விவசாயி அதைக் கழற்றிச் சந்தைப்பேட்டை ஓரக் கடைக்குக் கொண்டுவருவார். வைண்டிங்காரர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, எந்த கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு என்று எழுதிவைத்துக்கொண்டு புதுக் கம்பி சுற்றுவார். எல்லாக் கம்பெனி மோட்டாரும் அவர் மேசையில் திறந்து கிடக்கும். எது எந்த இடத்தில் சூடாகிறது, எந்த பேரிங் முதலில் போகிறது, யார் செம்பைக் குறைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனிக்காரர்களே அவரிடம் வந்து விசாரிப்பார்கள். சில ஆண்டில் அவரே ஒரு சிறு ஷெட்டில் மோட்டார் செய்யத் தொடங்குவார். தோல்வியைத் திறந்து பார்த்துக் கற்கும் பள்ளி அது. ஏற்றுமதியாகும் மிளகுக்கு இப்படி ஒரு பள்ளி அமைய வழியில்லை. போன சரக்கு திரும்பி வராது. அயல்நாட்டில் அரைத்தபோது அது எப்படி இருந்தது என்பது, தகராறு வந்தாலொழிய, தெருவுக்குத் தெரியாது.

மூன்றாவது வழி, வேலையை விட்டுப் போவது. மோல்டர், டர்னர், ஃபோர்மேன் என்று பல ஆண்டு உழைத்தவர் வெளியேறி, ஒரு பழைய லேத்தைத் தவணையில் வாங்கி, முன்னாள் முதலாளிக்கே ஜாப் ஒர்க் செய்து தொழில் தொடங்குவது கோவையில் சாதாரணம். பழைய முதலாளிக்கு மனத்தாங்கல் இருக்கும். ஆனால் வேலை நன்றாக இருந்தால் ஆர்டர் தருவார். அனாலீ சாக்ஸீனியன் 1994-ல் வெளியிட்ட நூலில் சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் அருகிலுள்ள 128-ஆம் எண் சாலைத் தொழில்களையும் ஒப்பிட்டு, முதலாவது முந்தியதற்குப் பொறியாளர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறியதை ஒரு காரணமாகக் காட்டினார். வேலையை விட்டவர் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் செல்லாது என்பதைச் சட்ட அறிஞர்கள் பின்னர் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. கலிஃபோர்னியாவின் உரிமையியல் தொகுப்பும் அதே 1872-ல் வந்ததுதான். இரண்டு விதிகளுக்கும் மூலம் நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவு. கோவைத் தொழிலாளி தனிப்பட்டறை போடும்போது இந்தப் பிரிவைப் படித்துவிட்டுப் போவதில்லை. ஆனால் அவரைத் தடுக்க முதலாளி கையில் சட்டம் இல்லை.

சட்டம் மட்டாஞ்சேரிக்கும் அதேதான். ஆகவே வேறுபாட்டுக்குச் சட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது. தனித்து நிற்க எவ்வளவு முதல் வேண்டும், கற்ற அறிவை யாரிடம் விற்க முடியும் என்ற இரண்டும்தான் காரணம். பழைய லேத் ஒன்றும் பக்கத்தில் ஓர் ஆர்டரும் இருந்தால் கோவையில் தொழில் தொடங்கிவிடும். மிளகு ஏற்றுமதிக்கு அப்படி ஒரு கீழ்ப்படி இல்லை.

கோவையை ஒரேயடியாகப் புகழ்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளி முதலாளியானார் என்கிறோமே, எந்தத் தொழிலாளி? ஆலைகளைத் தொடங்கியவர்களில் கம்மவார் நாயுடுக்கள் முன்னின்றார்கள். பட்டறைகளில் பின்னர் கவுண்டர்கள் பெருகினார்கள். நிலம், உறவு, சீட்டுப் பணம், பெண் கொடுத்த வீட்டின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தவரே பெரும்பாலும் மேலேறினார். பக்கத்துத் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் உழவர் குடியிலிருந்து வந்தவர்கள் தொழிலாளியாகி முதலாளியான கதையை ஷரத் சாரி 2004-ல் நூலாக எழுதினார். அந்த ஏற்றம் ஒரு சமூகத்து ஆண்களின் ஏற்றமாக இருந்ததையும் அதில் எடுத்துக் காட்டினார். ஃபவுண்டரியில் கோர் செய்யும் பெண்ணும், உலை முன்னால் நிற்கும் தலித் தொழிலாளியும் அதே அறிவைக் கையில் வைத்திருந்தார்கள். பட்டறை போட்டவர்களில் அவர்கள் அரிது. இந்த ஒரு விஷயத்தில் கோவைக்கும் மட்டாஞ்சேரிக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இன்னொரு குறை, நகல். ஒரு புது வடிவம் வெளிவந்த சில மாதங்களில் ஊரெல்லாம் அதைச் செய்தால், ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவருக்கு அது எப்படித் திரும்பி வரும்? அதனால் பலர் ஆராய்ச்சியைத் தவிர்த்து, எடையைக் குறைத்து, விலையைக் குறைத்துப் போட்டியிட்டார்கள். குஜராத்தின் ராஜ்கோட் சப்மெர்சிபிள் பம்ப்பில் கோவையின் சந்தையைக் கடித்தது அந்த விலைப் போட்டியில்தான். கையும் கண்ணும் கற்ற அறிவு மின்சிக்கன மோட்டார், சூரியசக்தி பம்ப், மின்னணுக் கட்டுப்பாடு போன்றவற்றுக்குப் போதாது. ஆய்வகம் வேண்டும். இதைத் தொழில்முனைவோரே உணர்ந்தார்கள். 1952-ல் தொடங்கிய ‘சீமா’ சங்கம் பின்னாளில் ‘சிடார்க்’ என்ற சோதனைக் கூடத்தை உருவாக்கியது. தனித்தனியே சோதனைக் கருவி வாங்க முடியாத சிறு கம்பெனிகள் அங்கே பம்ப்பைக் கொண்டுபோய்ச் சோதித்துச் சான்றிதழ் பெற்றன. போட்டியாளர்கள் ஒரே கூடத்தில் தங்கள் பொருளைச் சோதித்துக்கொள்வதைச் சிறு செய்தியாக நான் நினைக்கவில்லை. 1951-ல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-ல் வந்த ‘சிட்ரா’ ஜவுளி ஆராய்ச்சி நிலையமும், 1969-ல் சிறுதொழில்காரர்கள் கூடி அமைத்த ‘கொடிசியா’வும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

மட்டாஞ்சேரிக்கு அடி விழுந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது ரூபாய் வாணிகம் என்ற உறுதியான சந்தை போயிற்று. 2000-க்குப் பிறகு வியட்நாம் மிளகு உற்பத்தியில் இந்தியாவை முந்தியது. அதே 2000-ல் இலங்கையுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, அந்த வழியாகவும் மிளகு வரத் தொடங்கியது. உள்நாட்டில் விளைச்சலின் எடை கேரளத்திலிருந்து கர்நாடகத்தின் குடகு, சிக்மகளூர் பக்கம் சாய்ந்தது. 2004-ல் ‘என்.சி.டி.இ.எக்ஸ்’ என்ற தேசிய மின்னணுச் சந்தை மிளகு முன்பேரத்தைத் திரைக்குக் கொண்டுபோனது. அதற்குப் பின் கூடத்தில் கூவ வேண்டிய தேவை இல்லை. மும்பையிலும் டெல்லியிலும் மிளகுக் கொடியைக் கண்ணால் காணாதவரும் மிளகை வாங்கி விற்றார். 2012 இறுதியில், கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சொல்லி, அந்தச் சந்தையின் கொச்சிக் கிடங்குகளில் இருந்த 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

இத்தகைய அடிகள் கோவைக்கும் விழுந்தன. கோவைக்கும் போட்டி வந்தது, சந்தை மாறியது, விலை சரிந்தது. ஆனால் கோவையின் பொது அறிவு செய்முறை அறிவு. அதைத் திரையில் ஏற்ற முடியாது. வார்ப்பு மணலில் ஈரம் சரியா என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மட்டாஞ்சேரியின் பொது அறிவில் பெரும்பகுதி விலை அறிவு. ஒரு தகவல் தொடர்புக் கம்பி கிடைத்த மறுநாளே அது உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிடும். அதை முதலில் அறிந்தவர் என்ற சிறப்பு தெருவுக்கு இல்லாமல் போகும். அறிவு பரவியதா என்று மட்டும் கேட்கும் ஆய்வுகள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன என்பது என் எண்ணம்.

ஆனால் கொச்சி வட்டாரத்தில் மிளகுப் புதுமை நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பெரும் தவறு. நடந்தது, தெருவில் நடக்கவில்லை, கிழக்கே நடந்தது. மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மிளகிலிருந்து ஓலியோரெசின் பிரிக்கும் முறையில் ஆராய்ச்சி செய்தது. கரைப்பானில் ஊறவைத்து மணத்தையும் காரத்தையும் சாறாக எடுப்பது அந்த முறை. 1972-ல் சி.வி. ஜேக்கப் கோலஞ்சேரிக்கு அருகில் கடயிருப்பில் சிந்தைட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே கோலஞ்சேரியில் பிளான்ட் லிப்பிட்ஸ், அங்கமாலியில் கான்கோர், ஆலுவா பக்கத்தில் இன்னும் சில என்று ஒரு தொழில் திரள் உருவாகி, உலக ஓலியோரெசின் வாணிகத்தில் முதலிடத்துக்கு வந்தது. இதில் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இளசாகப் பறித்த, கனமில்லாத மிளகில்தான் எண்ணெய்ச் சத்து அதிகம். யூதத் தெருவில் லிட்டர் எடை நிற்காமல் விலை குறைந்த பொக்கு மணி, கோலஞ்சேரியில் முதல்தரக் கச்சாப்பொருள். எது பொக்கு, எது கனம் என்று நூற்றாண்டுகளாக அறிந்திருந்த தெரு, பொக்குக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலை அங்கே யாருக்கும் இல்லை.

அதற்காகத் தெருவின் பங்கை மறுக்க முடியாது. கப்பலும் வங்கியும் ஏற்றுமதிக் காகித வேலை தெரிந்த கணக்கர்களும், தரம் பிரித்து வாங்கித் தரும் தரகர்களும் இல்லாத ஊரில் கோலஞ்சேரி எழுந்திருக்காது. 1987-ல் அமைந்த ஸ்பைசஸ் போர்டு கொச்சியில் தலைமையகம் கொண்டதும் இந்தத் தெருவின் மரபால்தான்.

கொச்சியின் இறால் கதையையும் இங்கே சேர்த்தால் படம் இன்னும் தெளிவாகும். 1953-ல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. 1957-ல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் கொச்சியில் தொடங்கியது. இப்ஸ்டா பிறந்ததும் அதே ஆண்டு. ஒரே உப்பங்கழியின் கரையில், ஒரே ஆண்டில், மிளகுக்கு விலை பேசும் கூடமும் மீனுக்கு ஆய்வுக் கூடமும் அமைந்தன. மீன் பக்கம் என்ன நடந்தது? எப்படி உறைய வைப்பது, எப்படிக் கெடாமல் அனுப்புவது, வலையையும் படகையும் எப்படித் திருத்துவது என்ற செய்முறை அறிவு ஆலைக்கு ஆலை, படகுக்குப் படகு பரவி, தோப்பும்படியிலிருந்து அரூர் வரை தொழில் விரிந்தது. ஆக, கொச்சி மண்ணில் செய்முறை அறிவு வேர்பிடிக்காது என்ற வாதத்துக்கு இடமில்லை. தெருவுக்குப் பக்கத்தில் எந்த நிறுவனத்தை நட்டார்கள் என்பதே கணக்கு. இறால் உரித்த பெண்களின் கூலியும் விரல்களும் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

போர்ட் கொச்சியிலேயே பொது வசதிக்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு, தமிழருடையது. டச்சுக்காரர் காலத்தில் சலவைக்காக அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்த வண்ணார் குடும்பங்களுக்கு, வேலி பகுதியில் 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் பொதுச் சலவைத்துறை கட்டித் தந்தது. தனித்தனித் தொட்டி, பொதுவான உலர்த்தும் மைதானம், பொதுவான இஸ்திரிக் கூடம். சிறு தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ் கருவியைப் பகிர்ந்துகொள்ளும் இந்த அமைப்பைத்தான் இன்று அரசுகள் தொழில் திரள்களுக்கான பொது வசதி மையம் என்ற பெயரில் திட்டமாக்குகின்றன.

இந்த ஒப்பீட்டில் என் தீர்ப்பு இது. நெருக்கம் அறிவைப் பரப்பும். அது இரண்டு ஊரிலும் நடந்தது. பரவிய அறிவு புதுமையாவதற்கு மூன்று வேண்டும்: பொருளை வாங்கியவரின் குறை பட்டறைக்குத் திரும்பி வர வேண்டும், கற்ற தொழிலாளி சிறு முதலோடு தனித்து நிற்க இடம் வேண்டும், கைக்குத் தெரியாததைக் கேட்க அருகில் ஓர் ஆய்வகம் வேண்டும். கோவைக்கு மூன்றும் ஓரளவு கிடைத்தன. மட்டாஞ்சேரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குத் தெருவில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2012 டிசம்பரில் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியபோது ஆஸ்பின்வால் பண்டகசாலை ஓவியக் கூடமாயிற்று. பெப்பர் ஹவுஸும் அப்படியே. கட்டடங்கள் இடிபடாமல் நின்றது நல்லது. ஆனால் அங்கே புடைத்த, கடித்துப் பார்த்த, ஏலம் கூவிய மனிதர்களின் அறிவு கட்டடத்தோடு நிற்காது. பூஞ்சணத்தை மூக்கால் அறிந்த பெண்களும், மணியைப் பார்த்து மலையைச் சொன்ன தரகர்களும் முதியவர்களாகி வருகிறார்கள். ஸ்பைசஸ் போர்டும் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவர்களை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தரச் சோதனை ஆய்வகங்களில் அவர்களுக்கு ஆசிரியர் இடம் தர வேண்டும். கோவையிலும் இன்னொரு வேலை காத்திருக்கிறது. தொழிற்பூங்கா என்ற பெயரில் ஏக்கர் கணக்கில் மனை பிரிக்கும் அதிகாரிகள், ஒரே ஒரு லேத்தோடு வேலையை விட்டு வெளியே வரும் தொழிலாளிக்கும், கோர் செய்யும் பெண்ணுக்கும் வாடகை கட்டக்கூடிய சிறு ஷெட்டுகளை அதே பூங்காவுக்குள் ஒதுக்கட்டும்.